பாறையை விட்டு நகராத சாட்சி

எண்ணூர்க் கழிமுகத்தில் காலை ஏற்றத்தின்போது ஒரு குப்பித் தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் வரும் எண் வேறு. அதே இடத்தில் பிற்பகல் வற்றத்தில் எடுத்த குப்பி சொல்லும் எண் வேறு. காலையில் கடல்நீர் உள்ளே ஏறியிருக்கும். பிற்பகலில் ஆற்றோடு வரும் கழிவு கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். முந்தின இரவு யாராவது கழிவைத் திறந்துவிட்டிருந்தால், மறுநாள் எடுக்கும் குப்பியில் அதன் சுவடே இல்லாமலும் போகலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. கடல்நீரில் கரைந்திருக்கும் காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களை லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்றுதான் அளக்க முடியும். அவ்வளவு நுட்பமான அளவில், எடுத்தவரின் கையிலிருந்தும் படகின் துருவிலிருந்தும் குப்பியின் மூடியிலிருந்தும் ஒட்டிக்கொள்ளும் உலோகமே தண்ணீரில் உள்ளதை மிஞ்சிவிடும். 1970-களின் நடுப்பகுதி வரை வெளியான கடல்நீர் உலோக அளவீடுகளில் பெரும்பகுதி இப்படிக் கறைபட்டவை என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

அதே கழிமுகத்தில் ஒரு பாலத் தூணைப் பற்றிக்கொண்டு வளரும் பச்சைச் சிப்பி ஏற்றத்தையும் பார்க்கிறது, வற்றத்தையும் பார்க்கிறது. இரவில் திறந்துவிட்ட கழிவும் அதன் உடம்பு வழியாகத்தான் போகிறது. ஓடிப்போக அதற்குக் கால் இல்லை. இருக்கும் ஒரே காலும் தூணில் நார் கட்டத்தான் பயன்படுகிறது. கேரளத்தில் கல்லுமக்காய் என்று மசாலா தடவி வறுப்பது இதைத்தான். குளச்சல் பக்கம் பாறைகளில் முக்குளித்து எடுப்பதில் பெரும்பகுதி இதன் நெருங்கிய உறவான பழுப்புச் சிப்பி. பெர்னா விரிடிஸ் என்பது பச்சைச் சிப்பியின் அறிவியல் பெயர். பாரசீக வளைகுடாவிலிருந்து தென்சீனம் வரை ஆசியாவின் வெப்பக் கடலோரம் நெடுக இது உண்டு.

ஒரு சிப்பியைத் திறந்தால் இரு பக்கமும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் செவுள்கள்தான் முதலில் கண்ணில் படும். பெயர்தான் செவுள், மூச்சுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு பெரியது. அதன் இழைகளில் வரிசையாக நிற்கும் நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரைத் தன் வழியாகச் செலுத்தும். மிதக்கும் நுண்பாசி, பாக்டீரியா, சேற்றுத்துகள் எல்லாம் செவுளின் சளியில் ஒட்டி வாயை நோக்கி நகர்கின்றன. வாயருகே உள்ள இரண்டு ஜோடி மடல்கள் அவற்றைப் பிரிக்கின்றன. வேண்டாதது சளி உருண்டையாக வெளியே தள்ளப்படுகிறது. வேண்டியது வயிற்றுக்குப் போய், அங்கிருந்து பழுப்புப் பச்சை நிறத்தில் இருக்கும் செரிமானச் சுரப்பியை அடைகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகம் செவுள் வழியாகவும், துகளில் ஒட்டியிருப்பது வயிறு வழியாகவும் உள்ளே வந்து சேர்கிறது. கொழுப்பில் கரையும் பூச்சிமருந்துகள் சிப்பியின் கொழுப்பிலேயே தங்கிவிடுகின்றன. இப்படி மாதக்கணக்கில் சேர்வதால், சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு, சில பொருள்களில் லட்சம் மடங்குவரை, அதன் சதையில் இருக்கும். நீரில் கருவிக்கு எட்டாத அளவு, சதையில் தாராளமாக எட்டும்.

இதை உலகளாவிய திட்டமாக மாற்றலாம் என்று 1975-இல் எழுதியவர் எட்வர்ட் கோல்ட்பர்க். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்தவர். கடல் மாசு பற்றிய ஆய்விதழ் ஒன்றில் அவர் எழுதிய சிறு தலையங்கம் அது. உலோகங்கள், டிடிடி வகைக் குளோரின் சேர்மங்கள், பெட்ரோலிய எண்ணெயின் கூறுகள், அணுஉலை மற்றும் அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து வந்த கதிரியக்கத் தனிமங்கள் ஆகிய நான்கையும் ஒரே உயிரில் தேடலாம், எல்லா நாட்டுக் கரையிலும் அதே உயிரை எடுத்தால் கரையோடு கரையை ஒப்பிடலாம் என்பது அவர் வாதம். மறு ஆண்டே அமெரிக்காவில் முன்னோடித் திட்டம் தொடங்கியது. 1986-இலிருந்து அந்நாட்டின் தேசியக் கடல் வளிமண்டல நிர்வாகம் சிப்பிக் கண்காணிப்பை நிரந்தரமான வேலையாக எடுத்துக்கொண்டது. மேற்குக் கரையில் நீலச் சிப்பியும் கலிஃபோர்னியச் சிப்பியும், தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் ஆளி (oyster) என்ற இன்னொரு சிப்பியினமும், பேரேரிகளில் வரிக்குதிரைச் சிப்பியும் என்று இடத்துக்கேற்ற இனத்தைத் தேர்ந்துகொண்டார்கள். பிரான்ஸ் அதற்கும் முன்பே, 1970-களிலேயே, தன் கரைகளில் சிப்பியையும் ஆளியையும் எடுத்துச் சோதிக்கத் தொடங்கியிருந்தது.

மீன் இருக்கும்போது ஏன் சிப்பி என்று கேட்கலாம். மீன் நகரும் என்பது முதல் பதில். அதைவிட முக்கியமான இரண்டாவது பதில் எண்ணெய் தொடர்பானது. கச்சா எண்ணெயிலும் கப்பல் எரிபொருளிலும் பல வளையங்களாகக் கோத்த ஹைட்ரோகார்பன்கள் உண்டு. அவற்றில் சில புற்றுநோய் தருபவை. மீனின் ஈரல் இவற்றை விரைவாக உடைத்துப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். அதனால் எண்ணெயில் நீந்திய மீனின் சதையில்கூடச் சில நாள்களில் அதன் அளவு மிகவும் குறைந்துபோகும். சிப்பிக்கு அந்த நொதிகள் மிகச் சொற்பம். உள்ளே போனது அதே வடிவில் தங்குகிறது. 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெய் கொட்டியபோது, பாறைகளைக் கழுவிச் சுத்தம் செய்த பிறகும், சிப்பிப் படுகைகளின் அடியில் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்ததைச் சிப்பிகளின் சதையே காட்டிக்கொடுத்தது.

உலோகத்தின் கதை வேறு மாதிரி. காட்மியம், செம்பு, பாதரசம் போன்றவை உள்ளே வந்தால் சிப்பி ஒரு சிறிய புரதத்தை உண்டாக்கி அவற்றைக் கட்டிப்போடுகிறது. கந்தகம் நிறைந்த அந்தப் புரதத்துக்கு மெட்டலோதயோனின் என்று பெயர். கட்டிப்போட்ட உலோகம் சிப்பியைக் கொல்வதில்லை. வெளியேயும் எளிதில் போவதில்லை. சிப்பிக்கு இது தற்காப்பு. சில ஆளிகளில் இந்தச் சேமிப்பை வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செம்புச் சுரங்கங்களின் கழிவு வந்து சேரும் ஃபால் கழிமுகத்தில் ஆளிகளின் சதை பச்சையாக இருப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரியும். அந்தப் பச்சைக்குக் காரணம் ஆளியின் இரத்த அணுக்களுக்குள் அடைபட்ட செம்பு என்று பாய்ஸ், ஹெர்ட்மன் ஆகிய இருவரும் 1890-களின் இறுதியில் காட்டினார்கள். 1986-இல் தைவானின் தென்மேற்குக் கரையிலும் ஆளிகள் பச்சையாயின. பழைய மின்சாதனங்களையும் கம்பிகளையும் எரித்தும் அமிலத்தில் கரைத்தும் செம்பு பிரித்த பட்டறைகளின் கழிவு எர்ஜென் ஆற்றில் இறங்கியிருந்தது.

பாதரசத்துக்கும் சிப்பிக்கும் உள்ள தொடர்பு மினமாட்டாவில் வெளிப்பட்டது. 1956-இல் அந்த ஜப்பானிய ஊரில் நரம்பு நோய் பரவுவது அதிகாரபூர்வமாகப் பதிவானது. என்ன நஞ்சு என்று பல ஆண்டுகள் தேடிய குமாமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளைகுடாவிலிருந்து எடுத்த சிப்பியினங்களின் சதையிலிருந்தே மெத்தில் பாதரசச் சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். நீரில் கைக்கு அகப்படாமல் போனதைப் படிகமாக எடுத்துக் காட்ட முடிந்தது சிப்பி அதைச் சேர்த்து வைத்திருந்ததால்தான்.

ஆனால் சிப்பி ஓர் உயிர். அதை அளவுகோல் என்று எண்ணிக் கையாள்பவர்கள் தவறான முடிவுக்குத்தான் போவார்கள். இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது சிப்பியின் உடல் முழுக்க முட்டையும் விந்துமாக நிறையும். கொழுப்பு ஏறும், எடை கூடும். முட்டையிட்ட மறுநாள் அந்த எடையில் பெரும்பகுதி போய்விடும். கூடவே கொழுப்பில் இருந்த பூச்சிமருந்தும் போய்விடும். ஆனால் செரிமானச் சுரப்பியில் கட்டுண்ட காட்மியம் அப்படியே இருக்க, எடை மட்டும் குறைந்ததால் கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கில் அது திடீரென்று கூடியதுபோலத் தெரியும். மாசில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு வரைபடத்தில் மேடும் பள்ளமும் உண்டாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் பெருகி உப்பு குறையும்போது இன்னொரு மாற்றம். கடல்நீரில் குளோரைடு அயனிகள் காட்மியத்தைப் பிணைத்து வைத்திருக்கும். உப்பு குறைந்தால் பிணைப்பு தளர்ந்து காட்மியம் தனி அயனியாக விடுபடும். சிப்பிக்குள் எளிதாக நுழைவது அந்தத் தனி அயனிதான். உப்பு மிகவும் குறைந்தாலோ சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் எதையுமே வடிகட்டாது. துத்தநாகம் போன்ற சில உலோகங்களின் அளவை நீலச் சிப்பி தன் உடலிலேயே ஓரளவு சீராக வைத்துக்கொள்ளும். ஆகவே அவற்றுக்கு அது நல்ல சாட்சி இல்லை. ஆளியோ துத்தநாகத்தை அளவின்றிச் சேர்க்கும். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணுஉலைகளின் குளிர்விப்பு நீர் கொலம்பியா ஆற்றில் கலந்த காலத்தில், அந்த ஆறு கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே இருக்கும் வில்லப்பா விரிகுடா ஆளிகளில் கதிரியக்கத் துத்தநாகம் கண்டுபிடிக்கப்பட்டது இந்தக் குணத்தால்தான்.

ஆகவே முறை மிகக் கண்டிப்பானது. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதம், அதே பாறை, அலை ஏறும் அதே உயரம், ஏறக்குறைய ஒரே நீளமுள்ள சிப்பிகள். தூணிலிருந்து பிய்த்து இழுக்கக் கூடாது. பற்றியிருக்கும் நார், காலடியிலிருந்து சதையோடு வந்துவிடும். கத்தியால் நாரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒட்டியுள்ள பாசியையும் கொட்டலசையும் சுரண்டி, நீளத்தை அளந்து, உலோகச் சோதனைக்கு என்றால் எஃகுக் கத்தியைத் தவிர்த்து பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கத்தியால் திறக்கிறார்கள். ஒன்றிரண்டு சிப்பியை நம்ப முடியாது. இருபது முப்பது சிப்பிகளின் சதையை ஒன்றாகக் கூழாக்கி, உலர்த்தி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்துக் கருவிக்குக் கொடுக்கிறார்கள். வயிற்றில் தங்கிய சேறும் கணக்கில் ஏறிவிடும் என்பதால் சில திட்டங்களில் சிப்பிகளை ஓரிரு நாள் சுத்தமான கடல்நீரில் வைத்து வயிற்றைக் காலியாக்குவதும் உண்டு. இயற்கையாகச் சிப்பி வளராத இடங்களில், சுத்தமான பகுதியில் வளர்த்த சிப்பிகளை வலைக்கூண்டில் கட்டித் தொங்கவிட்டுச் சில வாரங்கள் கழித்து எடுப்பார்கள்.

சிப்பியினங்கள் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யக்கூடும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று பிரான்ஸின் ஆர்காஷோன் விரிகுடா. போர்தோ நகருக்கு மேற்கே இருக்கும் இந்த விரிகுடாவில் ஆளி வளர்ப்பு பெரிய தொழில். ஆண்டுக்கு பத்தாயிரம் டன்னுக்கு மேல் விளைந்த இடம். 1977-இலிருந்து அங்கே ஆளிக் குஞ்சுகள் பிடிக்கவில்லை. முட்டையிலிருந்து வந்த லார்வாக்கள் சில நாள்களில் செத்தன. வளர்ந்த ஆளிகளின் ஓடுகளும் கெட்டன. நீண்டு தட்டையாக வளர வேண்டிய ஓடு, அடுக்கடுக்காகத் தடித்து, நடுவே கூழ் நிறைந்த அறைகளோடு உருண்டையாயிற்று. உள்ளே சதை சுருங்கிக் கிடந்தது. விற்க முடியாத பண்டம். விளைச்சல் 1981 வாக்கில் சில ஆயிரம் டன்னாக விழுந்தது. நோயா, உணவுப் பற்றாக்குறையா, ஆற்றிலிருந்து வந்த பூச்சிமருந்தா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

குளோட் அல்சியூ முதலான பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த குற்றவாளி, விரிகுடாவில் நிறுத்தியிருந்த உல்லாசப் படகுகளின் அடிப்பகுதியில் இருந்தது. கொட்டலசும் பாசியும் ஒட்டாமல் இருக்க 1960-களிலிருந்து படகுகளுக்கு அடித்த வண்ணப்பூச்சில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. கோடைக்காலத்தில் ஆயிரக்கணக்கான படகுகள் அந்த விரிகுடாவுக்கு வரும். பூச்சிலிருந்து சேர்மம் மெல்ல மெல்ல நீரில் கசியும். ஆளி முட்டையிடுவதும் அதே கோடையில்தான். 1982 ஜனவரியில் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு இந்தப் பூச்சை பிரான்ஸ் தடை செய்தது. அந்த ஆண்டே ஆளிக் குஞ்சுகள் மீண்டும் பிடித்தன. ஓடுகளின் கோளாறும் அடுத்த சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைந்தது.

இதே சேர்மத்தின் இன்னொரு முகத்தை ஆங்கிலக் கால்வாயின் மறுபக்கத்தில் ஒரு சிறிய கடல் நத்தை காட்டியது. நியூசெல்லா லாப்பிலஸ் என்ற இந்த நத்தை கொட்டலசையும் சிப்பியையும் துளைத்துத் தின்னும். பிளிமத் அருகே எடுத்த பெண் நத்தைகளில் ஆணுறுப்பு போன்ற ஒரு வளர்ச்சி இருப்பதை 1970-இல் ஸ்டீஃபன் பிளேபர் பதிவு செய்தார். மறு ஆண்டு அமெரிக்காவில் வேறொரு நத்தை இனத்திலும் அதே கோளாறு தெரிந்தது. அதற்கு இம்போசெக்ஸ் என்று பெயரிட்டார்கள். பிளிமத் நத்தைகளில் அதற்கான காரணம் உறுதிப்படப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பிளிமத்தில் பிரையனும் கிப்ஸும் தென்மேற்கு இங்கிலாந்துக் கரை நெடுகத் தேடி, படகுத்துறைகளுக்கு அருகே கோளாறு மிகுந்தும் தள்ளிப் போகப் போகக் குறைந்தும் இருப்பதை 1986-இல் வெளியிட்டார்கள். காரணம் அந்த வெள்ளீயப் பூச்சுதான். வளரும் ஆணுறுப்பின் நாளம் கருக்குழாயின் வாயை அடைத்துவிடும். முட்டைக் கூடுகள் வெளியே வர வழியின்றி உள்ளேயே தேங்கி, பெண் நத்தை செத்துப்போகும்.

எவ்வளவு சேர்மம் இருந்தால் இது நடக்கும்? லிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவு. சென்னை மாநகருக்கு ஒரு நாள் வழங்கும் குடிநீர் ஏறக்குறைய நூறு கோடி லிட்டர். அத்தனை நீரிலும் ஒரே ஒரு கிராம் கலந்தால் வரும் அளவு அது. அன்றைய ஆய்வகங்களில் பெரும்பாலானவற்றால் அந்த அளவைக் காண முடியாது. நத்தைக்கு முடிந்தது. நத்தையின் செல்களில் உள்ள ஓர் ஏற்பியில் இந்தச் சேர்மம் தானே போய்ப் பொருந்தி, ஆணுறுப்பை வளர்க்கும் கட்டளையைத் திறந்துவிடுகிறது என்று 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்த நத்தையின் குஞ்சுகள் மிதந்து திரியாமல், பாறையில் ஒட்டிய கூட்டிலிருந்து நேராக ஊர்ந்து வருபவை. ஒரு துறையில் அழிந்தால் வேறிடத்திலிருந்து வந்து நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும். எனவே ஒரு பாறையில் இந்த நத்தை இல்லாமல் இருப்பதுகூட ஒரு செய்திதான்.

கோல்ட்பர்க்கும் இந்தப் பூச்சைப் பற்றி 1986-இல் எழுதினார். மனிதன் தெரிந்தே கடலில் இட்ட பொருள்களில் இதைவிட நஞ்சானது வேறு இல்லை என்பது அவர் கருத்து. பிரிட்டன் 1987-இல் சிறு படகுகளுக்குத் தடை விதித்தது. பெரிய கப்பல்களுக்கும் சேர்த்துத் தடை செய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001-இல் உருவாகி, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஐரோப்பியக் கரைகளில் நத்தைகள் மீண்டு வருவதை அதே குறியீடுகளை வைத்து ஆண்டுதோறும் அளந்து வருகிறார்கள். ஒரு சட்டம் வேலை செய்கிறதா இல்லையா என்பதற்கு இவ்வளவு நேரடியான ஆதாரம் சுற்றுச்சூழல் துறையில் அபூர்வம். பெண் நத்தையில் ஆணுறுப்பின் நீளத்தை மில்லிமீட்டரில் அளக்கும் வேலையை அற்பமாக நினைத்திருந்தால் உலகக் கப்பல்களின் பூச்சு மாறியிருக்காது.

ஆர்காஷோனும் பிளிமத்தும் காட்டுவது இன்னொன்றும் உண்டு. எந்தப் பொருள் எவ்வளவு சேர்ந்தது என்று மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். அது உயிரை என்ன செய்தது என்றும் கேட்க வேண்டும். இதற்கு எளிமையான ஒரு சோதனை இருக்கிறது. சிப்பியின் ஓட்டை லேசாக விரித்து, ஓடுகளை மூடும் தசையில் ஊசியால் சிறிது இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டு, நியூட்ரல் ரெட் என்ற சிவப்புச் சாயத்தைச் சேர்க்கிறார்கள். இரத்த அணுக்களுக்குள் இருக்கும் லைசோசோம் என்ற நுண்பைகள் சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நலமான சிப்பியின் அணுக்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் சாயத்தைக் கசியவிடாது. ஐம்பது நிமிடத்துக்குள் சிவப்பு வெளியே பரவிவிட்டால் அந்தச் சிப்பி கடும் பாதிப்பில் இருக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்; கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடியது.

சிப்பி ஓட்டை மூடுவதையே எச்சரிக்கை மணியாக்கியவர்களும் உண்டு. போலந்தின் வார்சா நகருக்கு விஸ்துலா ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் நிலையத்தில் எட்டு நன்னீர்ச் சிப்பிகளின் ஓடுகளில் காந்தமும் உணரியும் பொருத்தியிருக்கிறார்கள். அவை ஒரே சமயத்தில் மூடிக்கொண்டால் கணினி எச்சரிக்கும். ஆர்காஷோனிலேயே இப்போது ஆளிகளின் இரு ஓடுகளிலும் மெல்லிய மின்முனைகளை ஒட்டி, திறப்பதையும் மூடுவதையும் நாள் முழுக்கப் பதிவு செய்கிறார்கள்.

நம் கரைக்கு வருவோம். கோல்ட்பர்க்கின் யோசனையை ஆசியாவுக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷின்சுகே தனாபே. 1990-களின் நடுவில் தொடங்கிய ஆசிய-பசிபிக் சிப்பிக் கண்காணிப்பில் இந்தியாவும் இருந்தது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தோடு எஹிமே ஆய்வாளர்களுக்கு நீண்ட தொடர்பு உண்டு. எல்லா நாட்டிலும் பச்சைச் சிப்பி அல்லது அதற்கு நெருக்கமான இனத்தையே எடுத்ததால் நாட்டுக்கு நாடு என்ன கலக்கிறது என்பது தெளிவாகப் பிரிந்து தெரிந்தது. ஜப்பான் போன்ற தொழில்மயமான கரைகளில் மின்மாற்றி எண்ணெயிலிருந்து வரும் பிசிபி மிகுதி. சீனாவின் சில கரைகளில் டிடிடி மிகுதி. இந்தியச் சிப்பிகளில் மற்ற நாடுகளைவிடத் தூக்கலாக இருந்தது எச்சிஎச். நம் ஊர் விவசாயிகள் பி.எச்.சி. பவுடர் என்று அறிந்த, நெல் வயலிலும் கத்திரித் தோட்டத்திலும் பல்லாண்டுகள் தூவிய மருந்து அது. இந்தியா அதை 1997-இல் தடை செய்தது. வயலில் தூவியது வாய்க்கால் வழியே ஆறு, ஆறு வழியே கழிமுகம் என்று வந்து பாறையில் இருந்த சிப்பியின் கொழுப்பில் பதிவாகியிருந்தது.

சிப்பி கிடைக்காத கரை அல்ல நம்முடையது. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடலடிச் சுரங்கம் வழியே குளிர்விப்பு நீர் வருகிறது. அந்தச் சுரங்கத்தின் சுவரில் பச்சைச் சிப்பி அப்பிக்கொள்வது நிலையம் தொடங்கிய காலத்திலிருந்தே பொறியாளர்களுக்குப் பெரும் தலைவலி. அங்கே அகற்ற வேண்டிய தொந்தரவாக இருக்கும் அதே உயிர், சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கண்காணிப்பு நிலையமாக இருக்கலாம். மத்திய அரசு 1991-இலிருந்து கடலோர மாசைத் தொடர்ந்து அளந்து வருகிறது. அந்தத் திட்டத்தில் பெரும்பகுதி நீர், படிவு, நுண்ணுயிர், மிதவை உயிரி பற்றியது. பச்சைச் சிப்பியில் உலோகம் பற்றியும், சென்னை மீன்பிடித் துறைமுகச் சிப்பிகளில் நுண்பிளாஸ்டிக் பற்றியும் நல்ல ஆய்வுகள் தனித்தனியாக வந்திருக்கின்றன. ஆனால் ஒரு முனைவர் பட்டம் முடிந்ததும் அந்தப் பாறைக்கு யாரும் திரும்பிப் போகாவிட்டால், பத்தாண்டு கழித்து ஒப்பிட ஒன்றும் இருக்காது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி, கரைக்கு வந்த எண்ணெயை இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் அப்பியது. அப்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, இந்த நஞ்சில் எவ்வளவு புதிது, எவ்வளவு ஏற்கெனவே இருந்தது என்பது. இழப்பீடு கேட்கும் மீனவரின் வழக்கு இந்த ஒரு கேள்வியில் இழுபடக்கூடும். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது அமெரிக்கர்களிடம் 1986-இலிருந்து அதே இடங்களில் எடுத்த ஆளிகளின் கணக்கு இருந்தது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் கடலூரிலும் தூத்துக்குடியிலும் தலா சில பாறைகளைக் குறித்து, ஆண்டுக்கு ஒருமுறை முப்பது சிப்பி எடுக்க ஆகும் செலவு பெரிதல்ல.

எடுத்ததில் ஒரு பங்கை உறைய வைக்கவும் வேண்டும். ஜெர்மனி 1985-இலிருந்து வட கடல் சிப்பிகளையும், பின்னர் பால்டிக் கடல் சிப்பிகளையும் திரவ நைட்ரஜன் ஆவியில் மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே சேமித்து வருகிறது. ஒட்டாத வாணலிகளின் பூச்சுக்கும் தீயணைப்பு நுரைக்கும் பயன்பட்ட ஃபுளோரின் சேர்மங்களைப் பற்றி 1985-இல் யாரும் கவலைப்படவில்லை. இன்று அவை எப்போதிலிருந்து கடலுக்கு வந்தன என்று கேட்பவர்கள் அந்தப் பழைய சிப்பிகளையே எடுத்து அரைக்கிறார்கள். நாளை எந்தப் பொருளைத் தேட வேண்டியிருக்கும் என்பதை இன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

இதையெல்லாம் படிப்பவருக்கு இயல்பாக வரும் கேள்வி, அப்படியானால் சிப்பி சாப்பிடலாமா என்பது. சுத்தமான கரையிலிருந்து எடுத்த சிப்பி நல்ல உணவு. சாக்கடை கலக்கும் இடத்துச் சிப்பி, உப்பிலும் மிளகாயிலும் எவ்வளவு புரட்டினாலும், ஆபத்து. 1988-இல் ஷாங்காயில் கழிவுநீர் பட்ட மட்டியைச் சரியாக வேகவைக்காமல் தின்றதால் ஏறக்குறைய மூன்று லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும்; சுத்தமான கடல்நீரில் ஓரிரு நாள் வைத்தாலும் பாக்டீரியா பெருமளவு வெளியேறிவிடும். உலோகத்துக்கு இந்த இரண்டும் பொருந்தாது. காட்மியம் கொதிநீரில் அழியாது. சுத்தமான நீரில் விட்டாலும் மாதக்கணக்கில் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ சிப்பிச் சதையில் 1 மில்லிகிராம் காட்மியம்வரை அனுமதிக்கிறது. பன்னாட்டு உணவுத் தரம் 2 மில்லிகிராம்வரை. பிரான்ஸின் ஜிரோந்த் கழிமுகத்தில் காட்டு ஆளியை விற்கவே அனுமதி இல்லை. பல நூறு கிலோமீட்டர் மேலே, ஆற்றின் தலைமாட்டில் இருந்த துத்தநாக ஆலையின் காட்மியம், 1980-களில் அந்த வேலை நின்ற பிறகும் அந்த ஆளிகளில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஆகவே சந்தையில் சிப்பி வாங்கும்போது எங்கே எடுத்தது என்று கேட்பதே சரியான கேள்வி. விற்பவருக்கு அது தெரிந்திருக்கும். அந்த இடத்துச் சிப்பியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் அவர் அல்ல. அந்தப் பாறைக்கு ஆண்டுதோறும் போய் வர வேண்டிய அரசும் பல்கலைக்கழகங்களும்தான்.